பிள்ளை விற்கட்டும், பெற்றோர் பின்னால் நிற்கட்டும்

பள்ளிச் சாரணர் படை முகாமுக்குப் போக வேண்டும். மாதா கோயில் பாலர் சபைக்குக் கிறிஸ்துமஸ் நாடகத்துக்கு உடை தைக்க வேண்டும். தெரு இளைஞர் மன்றத்துக்கு ஒரு வாலிபால் வலையும் இரண்டு பந்தும் வேண்டும். காரைக்கால் பக்கத்தில் கோட்டுச்சேரியானாலும் நெடுங்காடானாலும் இந்தத் தேவைகள் வருஷம் தவறாமல் வருகின்றன. கையில் காசு இருப்பதில்லை. அப்போது யாராவது ஒருவர் சொல்வார்: "பிள்ளைகளை வைத்து ஏதாவது தின்பண்டம் விற்கலாமே."

நல்ல யோசனைதான். ஆனால் அதற்குப் பிறகு பெரும்பாலும் நடப்பது என்ன? அம்மாக்கள் ராத்திரி கண்விழித்து முறுக்குப் பிழிகிறார்கள். அப்பாக்கள் பாக்கெட்டுகளை ஆபீஸுக்கு எடுத்துப்போய்க் கீழே வேலை பார்ப்பவர்கள் தலையில் கட்டுகிறார்கள். வளைகுடாவில் இருக்கும் சித்தப்பா ஒரு குறுஞ்செய்தியைப் பார்த்துவிட்டு இரண்டாயிரம் அனுப்புகிறார். பணம் சேர்ந்துவிடுகிறது. எந்தப் பிள்ளைக்காக இதெல்லாம் நடந்ததோ, அந்தப் பிள்ளை மட்டும் இதில் எங்குமே இல்லை.

பிள்ளைகள் பண்டம் விற்று நிதி திரட்டுவதை எப்படி ஒழுங்காகச் செய்வது, சட்டம் எங்கே குறுக்கே வரும், பெற்றோர் எதுவரை போகலாம், எங்கே நிற்க வேண்டும் என்று பார்ப்போம். காரைக்கால் வட்டாரத்துக்கென்று சில தனிக் கவனங்களும் இருக்கின்றன.

எங்கிருந்து வந்தது இந்தப் பழக்கம்

பொதுக் காரியத்துக்கு வீடு வீடாகச் சேர்ப்பது நமக்குப் புதிதல்ல. விருதுநகரில் 1889-இல் தொடங்கிய சத்திரிய வித்யாசாலைக்குப் பிடியரிசி வசூலிப்பார்கள். ஒவ்வொரு வீட்டிலும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனியாக வைப்பார்கள்; அது பள்ளிக்கூடத்துக்கு. காமராஜர் படித்த பள்ளி அது. தென்மாவட்டத் திருச்சபைகளில் அறுப்பின் பண்டிகை என்றால் காய்கறி ஏலமும், பெண்கள் ஐக்கிய சங்கத்தின் பலகாரக் கடையும் கட்டாயம் உண்டு. காரைக்காலிலிருந்து பிரான்சுக்குக் குடிபோன குடும்பங்களுக்கு அங்குள்ள பள்ளிகளின் 'கெர்மெஸ்' தெரிந்திருக்கும். படிப்பு வருஷம் முடியும் தறுவாயில், ஜூன் மாதத்தில் பெற்றோர் கேக் செய்து கொண்டுவருவார்கள், பிள்ளைகள் விளையாட்டுக் கடை போடுவார்கள், சேரும் காசு பள்ளியின் சுற்றுலாவுக்கும் பொருட்களுக்கும் போகும்.

இந்தியச் சாரணர் இயக்கத்தின் வேர் நம் பக்கத்திலும் இருக்கிறது. வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு மட்டும் என்று தொடங்கிய சாரணியத்துக்கு எதிரே, அன்னி பெசன்ட் அம்மையார் 1916-இல் சென்னையில் இந்தியப் பிள்ளைகளுக்கென்று ஒரு சாரணர் சங்கம் தொடங்கினார். பல சங்கங்களாகப் பிரிந்து கிடந்தவை 1950 நவம்பர் 7 அன்று ஒன்றாக இணைந்து பாரத சாரண சாரணியர் இயக்கம் ஆயின. இன்றும் நவம்பர் 7 சாரணர் கொடி நாள். பிள்ளைகள் சட்டையில் ஒட்டும் வில்லையைக் கொடுத்து நிதி சேர்ப்பார்கள். இந்த இயக்கத்தில் 'கரீ கமாயி' என்றொரு திட்டம் உண்டு. சாரணர்கள் சின்னச் சின்ன வேலை செய்து, உழைத்துக் காசு சேர்ப்பது அது. பிரிட்டனில் 1949-இல் தொடங்கிய 'பாப்-எ-ஜாப்' வாரமும் இதே வகை: ஒரு ஷில்லிங்குக்குத் தோட்டத்தைக் கூட்டுவது, செருப்புத் துடைப்பது. இலங்கைச் சாரணர்களும் வேலை வாரம் நடத்துகிறார்கள். கையேந்தக் கூடாது, எதையாவது கொடுத்துத்தான் காசு வாங்க வேண்டும் என்ற கொள்கை இவை எல்லாவற்றுக்கும் பொது.

தின்பண்டம் விற்பதில் உலகப் புகழ் பெற்றது அமெரிக்கச் சாரணியர்களின் குக்கி விற்பனை. 1917-இல் ஓக்லஹோமா மாநிலத்து மஸ்கோகி என்ற ஊரில் ஒரு படை, பள்ளி உணவுக்கூடத்தில் வீட்டில் சுட்ட குக்கிகளை விற்றது. 1922-இல் ஃபுளோரன்ஸ் நீல் என்ற பொறுப்பாளர் இயக்கத்தின் பத்திரிகையில் ஒரு செய்முறையை எழுதினார். செய்முறையைவிட அதோடு அவர் போட்டிருந்த கணக்குத்தான் எனக்குப் பிடித்தது. ஆறேழு டஜன் குக்கிக்கு மளிகைச் செலவு 26 முதல் 36 சென்ட்; ஒரு டஜனை 25 அல்லது 30 சென்ட்டுக்கு விற்கலாம். முதல் டஜனிலேயே போட்ட காசு ஏறக்குறையத் திரும்பிவிடும். ஒரு சிறுமிக்குப் புரியும்படி வியாபாரம் இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

அப்புறம் அது வளர்ந்தது. 1930-களின் நடுவில் குக்கி சுடும் வேலை பேக்கரி கம்பெனிகளுக்குப் போயிற்று. கனடாவில் இந்த விற்பனை 1927-இல் ரெஜைனா நகரில் தொடங்கியது. இன்று ஸ்கார்பரோவில் தமிழ்ப் பிள்ளைகளும் குக்கிப் பெட்டியோடு கதவைத் தட்டுகிறார்கள். அமெரிக்காவில் ஒரு பருவத்தில் சுமார் 20 கோடிப் பெட்டிகள் விற்கின்றன. விற்பனை பெரிதாக ஆக, பெற்றோரின் கையும் பெரிதானது. அப்பாவின் ஆபீஸ் மேசையில் ஆர்டர் தாள் கிடக்கும். அவருடைய மேலாளர் தன் மகளுக்கான தாளை அதற்கு முன்பே எல்லாரிடமும் நீட்டியிருப்பார். கொரோனாக் காலத்தில் வாசலில் நின்று விற்க முடியாமல் போனபோது, 2021-இல் ஏறத்தாழ ஒன்றரைக் கோடிப் பெட்டிகள் தேங்கிக் கிடந்தன.

முதலில் கணக்கு

நாம் கடலை மிட்டாயை எடுத்துக்கொள்வோம். விலைகளை உங்கள் கடைத்தெரு விலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இங்கே ஒரு மாதிரிக்குச் சொல்கிறேன். நிலக்கடலை ஒரு கிலோ 140 ரூபாய், முக்கால் கிலோ வெல்லம் 50 ரூபாய், ஏலக்காய், நெய், எரிவாயு, உறை எல்லாம் சேர்த்து 60 ரூபாய். மொத்தம் 250. வறுத்துத் தோல் நீக்கியது போக ஒரு கிலோ அறுநூறு கிராம் கிடைக்கும் என்று வைத்தால், 50 கிராம் வீதம் 32 பாக்கெட். ஒன்று 15 ரூபாய் என்று விற்றால் 480. மிச்சம் 230.

இருபது பிள்ளைகள் இருக்கும் படைக்கு முகாம் பஸ் வாடகை 10,000 ரூபாய் என்று வையுங்கள். அதை முழுவதும் மிட்டாயிலேயே எடுப்பதானால் 44 முறை பாகு காய்ச்ச வேண்டும். 1,400 பாக்கெட் விற்க வேண்டும். பிள்ளைக்கு 70. கோட்டுச்சேரியில் ஒரு பத்து வயதுப் பிள்ளைக்கு எத்தனை வீடு தெரியும்? பதினைந்து, இருபது. எழுபது பாக்கெட்டைத் தலையில் வைத்தால், மீதி ஐம்பதையும் அப்பாதான் விற்பார், அல்லது அம்மாதான் தன் காசைப் போட்டு வாங்குவார்.

பெற்றோர் விற்பனைக்குள் இழுக்கப்படுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். அவர்கள் ஆசையால் வருவதில்லை. இலக்கு பிள்ளையின் உயரத்துக்கு மேலே இருப்பதால் வருகிறார்கள். இலக்கை 3,000 என்று வைத்துப் பாருங்கள். 13 முறை பாகு, 416 பாக்கெட், பிள்ளைக்கு 21. முடியக்கூடிய காரியம். மீதி 7,000-ஐ எப்படித் திரட்டுவது என்பதைப் பெரியவர்கள் தனியாகக் கூடிப் பேசட்டும், வசதியுள்ளவர் நன்கொடை தரட்டும், அல்லது பக்கத்தில் ஓர் இடத்தில் முகாம் போடட்டும். விற்பனையில் கிடைக்கும் 3,000 பிள்ளைகள் ஈட்டியது என்று அவர்கள் நெஞ்சில் நிற்கும்.

இந்தக் கணக்கைப் பெரியவர்கள் போட்டு முடித்துவிட்டு விலையை மட்டும் அறிவிக்காதீர்கள். கரும்பலகையில் பிள்ளைகளையே போடச் சொல்லுங்கள். "பத்து ரூபாய்க்கு வித்தா என்ன சார்?" என்று ஒருவன் கேட்பான். போட்டுப் பார்க்கட்டும். மிச்சம் 70 ரூபாய்தான் என்று தெரியும்போது அவனே வாயைப் பிளப்பான். இன்னொன்றையும் அந்தக் கணக்கில் எழுதச் சொல்லுங்கள்: அடுப்படியில் நின்ற அம்மாவின் மூன்று மணி நேரம். அதற்கு நாம் கூலி போடவில்லை என்பதைப் பிள்ளை தெரிந்துகொள்ள வேண்டும். பெற்றோர் ஈடுபாடு என்று நாம் சொல்வது நடைமுறையில் தாய்மார் ஈடுபாடாகத்தான் இருக்கிறது. வறுத்த கடலையை முறத்தில் தேய்த்துத் தோல் புடைக்கவும், உறையில் போட்டு ஒட்டவும், மளிகை வாங்கி வரவும் அப்பாக்களுக்கு நன்றாகவே வரும்.

எதை விற்கலாம், எதைக் கூடாது

காரைக்கால்காரர்களுக்கு 2022 ஜூலை மறந்திருக்காது. அசுத்தமான குடிநீரால் வயிற்றுப்போக்கு பரவி, காலராவும் உறுதியாகி, ஜூலை 3 அன்று பொது சுகாதார நெருக்கடி அறிவித்தார்கள். பள்ளிகளை மூன்று நாள் மூடினார்கள். நாம் விற்பனைப் பட்டியல் போடும்போது முதலில் நினைக்க வேண்டியது இதைத்தான். பிள்ளைகளுக்கு எளிதாகத் தோன்றுவது எலுமிச்சைச் சர்பத்தும் ரோஸ்மில்க்கும். வெயில் காலத்தில் நன்றாகவும் ஓடும். ஆனால் தண்ணீர், ஐஸ், டம்ளர் கழுவும் வாளி என்று மூன்று இடத்தில் கிருமி நுழைய வழி இருக்கிறது. பிள்ளைகள் கடையில் தண்ணீர் கலந்த பானம் வேண்டவே வேண்டாம் என்பதுதான் என் கருத்து. நீர்மோர்ப் பந்தல் வைப்பதானால் பெரியவர்கள் வைக்கட்டும், காய்ச்சி ஆறிய தண்ணீரில்.

பஞ்சு மிட்டாயும் வேண்டாம். 2024 பிப்ரவரியில் புதுச்சேரியில் விற்ற பஞ்சு மிட்டாயில் ரோடமின்-பி என்ற துணிச் சாயம் இருப்பது தெரிந்து தடை வந்தது. சில நாளில் தமிழ்நாட்டிலும் தடை செய்தார்கள். கண்ணைப் பறிக்கும் நிறம் போட்ட எந்தப் பண்டமும் பிள்ளைகள் கையால் விற்கத் தகுந்ததல்ல.

ஈரமில்லாத பண்டங்கள் நல்லவை. கடலை மிட்டாய், எள்ளுருண்டை, பொரி உருண்டை, முறுக்கு, தட்டை. காரைக்கால், நாகூர்ப் பக்கத்து இறால் வாடா யாருக்கும் பிடிக்கும். ஆனால் அது சூடாகச் சாப்பிட வேண்டியது, இறால் கெட்டால் ஆபத்து, கொதிக்கும் எண்ணெய்ப் பக்கம் பிள்ளைகளை விடவும் முடியாது. அதைத் திருவிழாக் கடைக்காரர்களிடமே விட்டுவிடலாம். வெல்லப் பாகும் சுடு எண்ணெய் அளவுக்குக் கொடியதுதான். தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு வேகும். பாகு காய்ச்சுவதும் பதம் பார்ப்பதும் பெரியவர் வேலை. கைபொறுக்கும் சூடு வந்த பிறகு பிள்ளைகள் உருட்டட்டும். உருட்டுகிறவர்கள் நகம் வெட்டிக் கைகழுவியிருக்க வேண்டும். சளி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு உள்ள பிள்ளை அன்றைக்குக் கணக்குப் புத்தகத்தைப் பார்த்துக்கொள்ளட்டும். சுருங்கிய, கசக்கிற, பூசணம் பிடித்த கடலையைப் பொறுக்கி எறியுங்கள். அதில் அஃப்ளடாக்ஸின் என்ற நஞ்சு இருக்கலாம்.

செய்தித்தாளில் மடித்துக் கொடுக்காதீர்கள். அச்சு மை உணவில் இறங்குகிறது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-இலிருந்தே எச்சரித்து வருகிறது. பிளாஸ்டிக் தட்டு, டம்ளர், கரண்டிக்கு 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்கத் தடை. எண்ணெய்த் தாளோ, டெல்டாவில் நமக்குக் குறைவில்லாத வாழை இலையோ போதும். உறைமேல் ஒரு சீட்டு ஒட்டுங்கள்: என்ன பண்டம், எதெல்லாம் சேர்த்தது, என்றைக்குச் செய்தது, எந்தக் குழு. நிலக்கடலை, எள் சிலருக்கு ஒவ்வாது. அது எழுத்தில் இருந்தே ஆக வேண்டும். பிள்ளையின் பெயரும் போன் நம்பரும் அந்தச் சீட்டில் இருக்கக் கூடாது. பொறுப்பாளரின் நம்பர் போதும்.

எங்கே விற்பது என்பதிலும் ஒரு விதி உண்டு. கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த தின்பண்டங்களைப் பள்ளிக்குள்ளும், பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் பள்ளிப் பிள்ளைகளுக்கு விற்கக் கூடாது என்று 2020-இல் விதிமுறை வெளியானது. ஆகவே பள்ளி இடைவேளையில் கடை போடுவதென்றால் சுண்டல், வேகவைத்த கடலை, வாழைப்பழம், வெள்ளரி என்று மாற வேண்டும். இனிப்பையும் முறுக்கையும் ஊருக்குள் பெரியவர்களிடம் விற்கலாம்.

சட்டம் என்ன சொல்கிறது

குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986-இல் வந்தது, 2016-இல் திருத்தினார்கள். 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளையை எந்த வேலையிலும் அமர்த்தக் கூடாது. பள்ளி நேரம் போக, விடுமுறையில், ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் ஒத்தாசை செய்வதற்கு விலக்கு உண்டு. ஒரு குழு தன் தேவைக்காகப் பிள்ளைகளோடு சேர்ந்து வருஷத்தில் ஒருநாள் இருநாள் விற்பது, ஒருவர் பிள்ளையைக் கூலிக்கு அமர்த்துவதாகாது. ஆனால் எல்லை மங்கும் இடங்கள் உண்டு. ஒரு வியாபாரி வந்து, "என் சரக்கைப் பிள்ளைகள் விற்கட்டும், பாக்கெட்டுக்கு இரண்டு ரூபாய் குழுவுக்குத் தருகிறேன்" என்றால், லாபத்தின் பெரும்பங்கு யாருக்குப் போகிறது என்று பாருங்கள். அவருக்குத்தான் என்றால், நம் பிள்ளைகள் அவருக்கு உழைக்கிறார்கள். மறுத்துவிடுங்கள்.

உண்டியலைக் குலுக்கிக்கொண்டு பிள்ளைகளைச் சாலையில் நிறுத்துவது அதைவிடச் சிக்கல். 2015-ஆம் ஆண்டு இளையோர் நீதிச் சட்டத்தின் 76-ஆம் பிரிவு பிள்ளைகளைப் பிச்சைக்குப் பயன்படுத்துவதைத் தண்டிக்கிறது. எந்தச் சாக்கைச் சொல்லியும் பொது இடத்தில் கையேந்துவதை அந்தச் சட்டம் பிச்சை என்கிறது. நல்ல காரியத்துக்கு நிதி கேட்பவரை யாரும் பிடித்து உள்ளே போடப் போவதில்லை என்றாலும், பிள்ளை கையில் வெறும் உண்டியலைக் கொடுக்கும் பழக்கத்தை நாமே விட்டுவிடுவது நல்லது. பண்டத்தையோ உழைப்பையோ கொடுத்துக் காசு வாங்கட்டும்.

உணவு விற்பனைக்கு 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அதன்கீழ் 2011-இல் வந்த விதிகள் தற்காலிகக் கடை போடுபவரையும் சிறு உணவு வணிகர் வகைக்குள் கொண்டுவருகின்றன. அவர்களுக்கு உரிமம் வேண்டாம், பதிவு போதும். பள்ளியோ ஆலயமோ நடத்தும் ஒருநாள் கடைக்கு என்ன செய்ய வேண்டும் என்று காரைக்காலில் உள்ள உணவுப் பாதுகாப்புத் துறையில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். பள்ளிக் குழு என்றால் தலைமையாசிரியரின் எழுத்து அனுமதியும் பெற்றோரின் சம்மதக் கையெழுத்தும் கையில் இருக்கட்டும்.

வாசலில் நடக்கும் பாடம்

பெற்றோர் எங்கே நிற்க வேண்டும் என்பதை ஒரு வாசலில் வைத்துப் பார்ப்போம். இரண்டு பிள்ளைகள் சாரணர் சீருடையில் ஒரு வீட்டுக் கேட்டுக்கு வெளியே நிற்கிறார்கள். உள்ளே திண்ணையில் ஓர் அம்மா கீரை ஆய்கிறார்.

"அத்தை, நாங்க பள்ளிக்கூடத்துச் சாரணர் படை. அடுத்த மாசம் முகாமுக்குப் போறோம். பஸ் வாடகைக்குக் காசு சேக்குறோம். இது நாங்க உருட்டுன கடலை மிட்டாய். ஒண்ணு 15 ரூபா."

"கடையில பத்து ரூபாய்க்கே கெடைக்குதே தம்பி?"

இந்தக் கேள்விக்கு அந்தப் பிள்ளை திணறும். திணறட்டும். இரண்டு விநாடி மௌனத்துக்குப் பிறகு அதுவாகவே ஒரு பதிலைத் தேடி எடுக்கும்: "இது கொஞ்சம் பெருசு அத்தை, அம்பது கிராம். இதுல வர்ற ஆதாயம் முகாமுக்குப் போகுது." அந்த அம்மா இரண்டு கேட்டு நூறு ரூபாய்த் தாளை நீட்டுவார். எழுபது திருப்பித் தர வேண்டும். விரல் விட்டு எண்ணுவார்கள், ஒருவன் சொன்னதை மற்றவன் சரிபார்ப்பான். அடுத்த வீட்டில் "வேணாம் போ" என்று சொல்லிவிடுவார்கள். "சரி அக்கா, நன்றி" என்று சொல்லிவிட்டு நகரப் பழகுவது, விற்றதைவிடப் பெரிய பாடம்.

இதே வாசலில் அம்மா பிள்ளையின் தோளைத் தொட்டுக்கொண்டு நின்றால் என்ன ஆகும்? கேள்வி பிள்ளையிடம் வராது, அம்மாவிடம் போகும். அம்மாவே பதில் சொல்வார், அம்மாவே சில்லறை எண்ணுவார். பிள்ளை அவர் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். ஆகவே கூடப் போகிறவர் தெருமுனையில், கண்ணுக்குத் தெரியும் தூரத்தில், காது கேட்காத தூரத்தில் நிற்க வேண்டும். கிளம்பும் முன் வீட்டில் உட்கார்ந்து ஒத்திகை பார்க்கலாம்: அப்பா வாங்குபவராக நடிக்கட்டும், கோபக்காரராக, பேரம் பேசுபவராக. வாசலுக்குப் போன பிறகு வாய் திறக்கக் கூடாது.

கண்ணுக்குத் தெரியும் தூரம் என்று சொன்னதை விட்டுக்கொடுக்கவும் கூடாது. பிள்ளைகள் இரண்டிரண்டாகப் போக வேண்டும், தெரிந்த தெருக்களுக்கு மட்டும், விளக்கு வைப்பதற்கு முன் திரும்பிவிட வேண்டும். யார் கூப்பிட்டாலும் வீட்டுக்குள் நுழையக் கூடாது, தண்ணீர் குடிக்கக்கூட. காரைக்கால்–தரங்கம்பாடி சாலையில் பஸ்ஸும் லாரியும் வேகம் குறைப்பதில்லை. அந்தச் சாலையைக் கடந்து விற்க அனுப்பாதீர்கள். மாங்கனித் திருவிழாக் கூட்டத்தில் நல்ல வியாபாரம் ஆகும் என்று சிலர் நினைப்பார்கள். அந்த நெரிசலில் சின்னப் பிள்ளைகளைக் கூடையோடு விடுவது சரியல்ல. யாராவது தவறாக நடந்தால் அன்றைக்கே சொல்ல வேண்டும் என்று பிள்ளைக்குச் சொல்லி வையுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098.

எல்லாப் பிள்ளைக்கும் ஒரே வாசல் இல்லை

யார் அதிகம் விற்றார்கள் என்று பட்டியல் ஒட்டுவது, முதல் மூன்று பேருக்குப் பரிசு கொடுப்பது பல இடங்களில் வழக்கம். தயவுசெய்து செய்யாதீர்கள். அரசு ஊழியரின் பிள்ளை ஐம்பது பாக்கெட் விற்றிருக்கும். விற்றது அப்பாவின் அலுவலகம். மீன்பிடித் துறைமுகத்தில் கூலிக்குப் போகிறவரின் பிள்ளை நாலு வீடு ஏறி இறங்கி ஐந்து விற்றிருக்கும். பட்டியலில் அது கடைசி. பத்து வயதில் ஒரு பிள்ளைக்கு நாம் சொல்லித்தரும் செய்தி இதுவா?

விற்ற காசு முழுவதும் பொதுவில் சேர வேண்டும். ஐந்து விற்ற பிள்ளைக்கும் முகாமில் இடம் உண்டு, விற்கவே முடியாத பிள்ளைக்கும் உண்டு. "இவ்வளவு விற்றால்தான் வரலாம்" என்ற நிபந்தனை இருந்தால் அந்த விற்பனையில் சேராதீர்கள். விற்காத பாக்கெட்டுக்குப் பெற்றோர் காசு கட்ட வேண்டும் என்ற ஏற்பாடும் வேண்டாம். அதற்குத்தான் முன்கூட்டி ஆர்டர் எடுத்துக்கொண்டு அப்புறம் செய்வது நல்லது என்பது. ஒன்றரைக் கோடிப் பெட்டி தேங்கிய பெரிய அமைப்பு தாங்கிக்கொண்டது. நாற்பது பாக்கெட் தேங்கினால் ஒரு கூலிக் குடும்பம் தாங்காது.

மாதத்தையும் பார்த்து வைக்க வேண்டும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு மீன்பிடித் தடை. கோட்டுச்சேரிமேடு, கிளிஞ்சல்மேடு போன்ற கடலோர ஊர்களில் அந்த இரண்டு மாதமும் கைமுடைதான். பள்ளி விடுமுறை என்பதால் நமக்கு வசதியாகத் தோன்றும் காலம் அது; வாங்குகிறவர்களுக்கும், பிள்ளையை அனுப்புகிற குடும்பத்துக்கும் கடினமான காலம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையும் புயலும். முறுக்கு நமத்துப் போகும், பள்ளி திடீர் திடீரென்று விடுமுறை விடும். மார்ச்சில் தேர்வு. பொங்கல் கழிந்து, சம்பா அறுவடைக் காசு கையில் புரளும் தை, மாசி தொடக்கம்தான் நம் ஊருக்குத் தோதான பருவம்.

காசு எங்கே போயிற்று

வரவுசெலவுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டுப் போதும். மளிகை ரசீது, எத்தனை செய்தோம், எத்தனை விற்றோம், எத்தனை உடைந்தது, எவ்வளவு கையில். தினமும் சாயங்காலம் இரண்டு பெரியவர்கள் சேர்ந்து எண்ணிக் கையெழுத்துப் போட வேண்டும். அவர்கள் கணவன் மனைவியாக இல்லாமல் இருப்பது நல்லது. க்யூஆர் அட்டை வைப்பதானால் குழுவின் பெயரில் உள்ள கணக்குக்கு வையுங்கள். ஒரு பெற்றோரின் சொந்தக் கணக்கில் போட்டுவிட்டு "அப்புறம் பிரித்துக்கொள்ளலாம்" என்பதில்தான் நல்ல நண்பர்கள் பேச்சுவார்த்தை இல்லாமல் போகிறார்கள். யாரும் திருடியிருக்க மாட்டார்கள். கணக்கு கலந்திருக்கும், அவ்வளவுதான்.

முடிந்த பிறகு அந்தக் கணக்கைப் பிள்ளைகளே படிக்க வேண்டும், பெற்றோர் எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போது. இவ்வளவு வந்தது, இவ்வளவு பஸ்ஸுக்கு, இவ்வளவு சாப்பாட்டுக்கு, மிச்சம் இவ்வளவு. வாங்கிய வீடுகளுக்கும் ஒரு சீட்டில் தகவல் போக வேண்டும். அடுத்த வருஷம் அதே கேட்டின் முன் போய் நிற்கப் போகிறோம்.

கடைசியாக, பெற்றோராக இல்லாமல் வாங்குகிறவராக இருக்கும் உங்களிடம் ஒரு வேண்டுகோள். இந்தத் தையில் சீருடையோடு இரண்டு பிள்ளைகள் உங்கள் கேட்டருகே வந்து நின்றால், பாவம் என்று அவசரமாக இருபது ரூபாயை நீட்டி அனுப்பிவிடாதீர்கள். எதற்குக் காசு, யார் செய்தது, என்னென்ன போட்டது என்று கேளுங்கள். அவர்கள் சொல்லி முடிக்கும்வரை காத்திருங்கள். பிடித்தால் வாங்குங்கள், வேண்டாமென்றால் முகம் பார்த்து வேண்டாம் என்று சொல்லுங்கள். மீதிச் சில்லறையை "வெச்சுக்கோ" என்று விடாமல் எண்ணி வாங்கிக்கொள்ளுங்கள்.